கால் மில்லிமீட்டர் வரலாறு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்தால், தென்காசிக் கடைத்தெருவில் வியாபாரத்தின் போக்கே மாறிவிடும். துண்டும் கைலியும் அதிகம் விலைபோகும் காலம் அது. அருவியில் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மாற்றுத் துணியை மறந்துவிட்டே வருகிறார்கள் என்பது நம் நாற்பதாண்டு அனுபவம்.

அத்தகைய சாரல் நாளொன்றில், கடையநல்லூர்க் கைலிக் கட்டு ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நம் பழைய டி.வி.எஸ். 50 மொபெட்டில் குற்றாலம் நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். பாதி வழி தாண்டி, சாலை மலையை நோக்கி மெல்ல மேடேறும் இடத்தில் வண்டி இரைந்தது, புகைந்தது, பின் நடந்து செல்லும் மனிதனின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. மிதித்துப் பார்த்தோம். மிதிகட்டை காலுக்கு எதிர்ப்பே காட்டாமல் சுழன்றது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் மிதிக்கும்போது ‘நான் இருக்கிறேன்’ என்று காலைத் தடுக்கும். இது தடுக்கவில்லை. பக்கத்தில் கார்களில் சென்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க காட்சிதான்.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன் அன்றிரவு சொன்னார்: “வாப்பா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. புது வண்டி நான் எடுத்துத் தாறேன்.” அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் மறுப்புச் சொல்லாமல், வண்டியின் பதிவுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தோம். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த மூன்று சீட்டுகள் கீழே விழுந்தன. லேத் பட்டறைச் சீட்டுகள். முதலாவதில் 1989, 0.25 என்றும், இரண்டாவதில் 1998, 0.50 என்றும், மூன்றாவதில் 2007, 0.75 என்றும் எழுதியிருந்தது. அந்த மூன்று எண்களும் என்ன என்று மகன் கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

அந்த எண்களைப் புரிந்துகொள்ள, முதலில் எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் உழைக்கும் பிஸ்டன்

கார், பேருந்து ஆகியவற்றின் எஞ்சின்கள் நான்கு வீச்சு எஞ்சின்கள். பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால் ஒருமுறை வெடிப்பு நிகழும். மொபெட்டில் இருந்தது இரண்டு வீச்சு எஞ்சின். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். பிஸ்டன் மேலே ஏறும்போது தலைக்கு மேலுள்ள பெட்ரோல் கலவையை நெருக்குகிறது. அதே நேரத்தில் தன் காலடியிலுள்ள கிராங்க் அறைக்குள் புதுக் கலவையை உறிஞ்சுகிறது. வெடித்து இறங்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் வலிமையைத் தருகிறது. கூடவே கீழறையில் உள்ள கலவையை அழுத்தி, சிலிண்டரின் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாக மேலே அனுப்புகிறது. திறந்து மூடும் வால்வுகள் தலையில் இல்லை. பிஸ்டனே தன் உடம்பால் துவாரங்களை மூடுகிறது, திறக்கிறது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்ற மூன்று அசையும் உறுப்புகளே அதன் சாரம்.

ஒரு தண்டின் சுழற்சியைக் கொண்டு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டும் கலையைப் பற்றிப் பேசும்போது, 1206-ஆம் ஆண்டில் தியார்பக்ர் நகரில் தம் பொறியியல் நூலை எழுதி முடித்த அல்ஜஸரியை நினைக்காமல் இருக்க இயலாது. அவர் விவரித்த நீரிறைக்கும் பொறியில் எதிரெதிராக இரு பிஸ்டன்கள் உண்டு. ஒன்று உறிஞ்சும்போது மற்றது வெளியே தள்ளும். எல்லாவற்றையும் நம்மவர்களே முதலில் கண்டுபிடித்தார்கள் என்று மேடைகளில் முழங்கும் வழக்கம் நமக்கு உடன்பாடானதன்று. அல்ஜஸரி நீரிறைத்தார், எஞ்சின் செய்யவில்லை. அவருடைய பொறிக்கும் மொபெட்டுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளும் எத்தனையோ பேருடைய உழைப்பும் கிடக்கின்றன. ஆனால் ஒன்று உறிஞ்ச மற்றொன்று தள்ள அவருக்கு இரண்டு பிஸ்டன்கள் வேண்டியிருந்தன. இரண்டு வீச்சு எஞ்சினில் அவ்விரண்டு வேலைகளையும் ஒரே பிஸ்டன் மேல்முகத்தாலும் கீழ்முகத்தாலும் செய்கிறது. இந்த ஒப்புமையை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது, அவ்வளவே.

இரண்டு வீச்சு எஞ்சினுக்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் டூகால்ட் கிளார்க். அவருடைய எஞ்சினில் கலவையைத் தள்ளுவதற்கென்று தனியாக இன்னொரு சிலிண்டர் இருந்தது. அதை நீக்கி, பிஸ்டனின் அடிப்பகுதியையே பம்பாக்கியவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. 1891-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பெற்ற காப்புரிமையும், 1892-இல் அவருடைய பணியாளர் ஃபிரெடரிக் காக் செய்த திருத்தமும் சேர்ந்தே இன்று நாம் அறிந்த எளிய எஞ்சினை உருவாக்கின. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளை ஓட்டிய இந்தக் கருத்தால் டே செல்வந்தராகவில்லை. வணிகத்தில் நொடித்து, 1946-இல் அதிகம் பேரறியாதவராகவே மறைந்தார்.

இந்த எஞ்சினைச் சைக்கிளில் பொருத்தும் எண்ணத்துக்கு வலுவூட்டியவர்களில் டென்மார்க்கில் பிறந்து ஜெர்மனியில் தொழில் நடத்திய ராஸ்முஸென் ஒருவர். அவருடைய டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1920-களின் தொடக்கத்தில் சைக்கிளுக்குத் துணை எஞ்சின் செய்து விற்றது. அதே நிறுவனத்தின் 125 சி.சி. வண்டியை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெற்றி பெற்ற நாடுகள் படியெடுத்துக்கொண்டன; 1948-இல் பிரிட்டனில் வந்த பாண்டம் வண்டியும், 1955-இல் ஜப்பானில் வந்த யமஹாவின் முதல் வண்டியும் அதன் வாரிசுகளே. பெட்ரோல் அரிதாயிருந்த ஐரோப்பாவில் ஏழை உழைப்பாளிக்குச் சிறிய எஞ்சினே கைகொடுத்தது. பிரான்சில் 1946-இல் வெலோசொலெக்ஸ் வெளிவந்தது. மோட்டார், பெடல் என்ற இரு சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்து ‘மொபெட்’ என்ற பெயரை 1952-இல் உண்டாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர்.

நம் ஊருக்கு வந்த கதை

நம் பக்கத்தில் முதலில் பெயர் பெற்றது திருப்பதியில் செய்யப்பட்ட சுவேகா. அது பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் உருவானது. 1972-இல் புனேயிலிருந்து லூனா வந்தது. பிறகு 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என்பது அதன் சிறப்பு. அந்நிறுவனத்தின் மூலவரான டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1877-இல் நம் மேற்குமலையின் அடிவாரத்திலேயே உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நமக்கும் உண்டு.

இருவர் அமரலாம் என்ற செய்தி அன்று எவ்வளவு பெரியது என்பதை இன்றைய இளைஞர்கள் உணர்வது அரிது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சைக்கிளில் கைலிக் கட்டைச் சுமந்து, எதிர்க்காற்றில் மூச்சு வாங்கியவர்கள் நாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் ஐம்பது சி.சி.யின் அருமை தெரியும். பால்காரர், மீன்காரர், பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் விவசாயி என்று எல்லாரும் இந்தச் சின்ன எஞ்சினின் முதுகில் ஏறினார்கள். கெட்டுப்போனால் வீதியோரத்தில் பிரித்து, வீதியோரத்திலேயே பூட்டிவிடலாம். ஒரு ஸ்பேனரும் பிளக் சாவியும் கையிலிருந்தால் பாதி மெக்கானிக்.

நாம் 1983-இல் வாங்கினோம். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியின் பின்னாலும் ஏறியிராத நம் துணைவியார், முதன்முதலாக ஏறி அமர்ந்து சென்றது பொட்டல்புதூருக்கு. இறங்கியதும், “சைக்கிள விட மெதுவாப் போன மாதிரி இருந்துச்சு” என்றார். நாம் வேண்டுமென்றேதான் மெதுவாக ஓட்டினோம்.

மூன்று சீட்டுகள்

சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிட்டால், லேத் பட்டறையில் அதைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். ‘போர் அடித்தல்’ என்பது தொழிற்பேச்சு. ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் அகலப்படுத்துவது வழக்கம். 0.25, 0.50, 0.75, 1.00 என நான்கு படிகள். அதற்குமேல் சுவர் தாங்காது. அந்த அளவில் பிஸ்டனும் கிடைக்காது. ஆக, ஒரு சிலிண்டருக்கு நான்கு மறுபிறப்புகள் உண்டு எனலாம்.

நம்முடைய முதல் சீட்டு நம் கஞ்சத்தனத்தின் சீட்டு. இரண்டு வீச்சு எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்க் குளம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயிலே அதற்கு உயவு. லிட்டருக்கு 40 மில்லி என்று அன்றைய கணக்கு. ‘பாதி ஊற்றினால் போதும், புகையும் குறையும்’ என்று ஒரு நண்பர் சொன்ன யோசனை நமக்கு இனித்தது. 1989 சித்திரை வெயிலில், இருவருமாகப் பொட்டல்புதூர் போகும் வழியில், எஞ்சின் ஒரு கீச்சொலியோடு பிடித்துக்கொண்டது. சூட்டில் விரிந்த பிஸ்டன், எண்ணெய்ப் படலம் இன்றிச் சுவரைக் கவ்விவிட்டது. தானே விடுபடும் கிளட்ச் ஆதலால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை. மீதித் தொலைவை நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டும், துணைவியார் குடையைப் பிடித்துக்கொண்டும் நடந்தோம். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த ஆயிலின் விலையை நாம் அந்த வழியெல்லாம் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டே வந்தோம்.

1998-ஆம் ஆண்டுச் சீட்டில் குற்றம் எவரிடமும் இல்லை. உழைத்துத் தேய்ந்தது.

2007-ஆம் ஆண்டுச் சீட்டுக்கும் நாமே பொறுப்பு. காற்று வடிகட்டியிலிருந்த பஞ்சு நைந்துபோயிருந்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு, வண்டி முன்னைவிட நன்றாக மூச்சு விடுகிறது என்று மகிழ்ந்திருந்தோம். ஆடிக்காற்றில் சுரண்டை, ஆலங்குளம் சந்தைகளுக்குப் போய்வந்த ஓராண்டில், உள்ளே புகுந்த புழுதி எண்ணெயோடு குழைந்து சாணைக்கல்லின் வேலையைச் செய்துவிட்டது.

மகன் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா வாப்பா?” என்றார். அடுத்த நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரும் உடன் வந்தார்.

மெக்கானிக்கின் பலகையில்

நாம் முதலில் சென்ற பணிமனையில் வண்டியைத் தொடாமலேயே, “எஞ்சின் போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். பழைய பேருந்து நிலையத்துப் பக்கத்துச் சந்தில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படவில்லை. இழுவை குறைந்த இரண்டு வீச்சு எஞ்சின்களில் பல, தேய்வால் அல்ல, கரியால் திணறுகின்றன என்பது அவர் கட்சி. முதலில் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார். சைலன்ஸரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, புகை வெளியேறும் துவாரத்தின் விளிம்பில் படிந்திருந்த கரியை மூங்கில் சிம்பால் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழுமாம். அடுப்புப் புகைக்கூண்டில் இருப்பதுபோல் கரி கொட்டிற்று. ‘இதுதான் காரணம் போலும்’ என்று நமக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மிதிக்கச் சொன்னார். விரலைத் தள்ளும் விசை இல்லை. தலையசைத்துவிட்டு சிலிண்டரைக் கழற்றினார்.

அதன்பின் அவர் செய்த சோதனை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பிஸ்டன் ரிங் என்பது முழு வளையமன்று; ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம். அதைத் தனியே சிலிண்டருக்குள் நுழைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக நிறுத்தினால், வெட்டின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கலாம். சிலிண்டரின் அடிவிளிம்பில், ரிங் உரசாத இடத்தில், இடைவெளி 0.40 மில்லிமீட்டர். மேலே, வெடிப்பின் சூடும் அழுத்தமும் அதிகமாகத் தாக்கும் இடத்தில், 0.95. வேறுபாடு 0.55. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு என்று பள்ளியில் படித்தோமல்லவா? 0.55-ஐ 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டர் 0.17 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கிறது என்று விடை வருகிறது. விலையுயர்ந்த அளவுகோல் ஏதுமின்றி ஒரு துண்டு ரிங்கைக் கொண்டு அவர் சொன்ன கணக்கு, மறுநாள் லேத் பட்டறையில் அளந்த கணக்கோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. பொறியியல் படித்த நம் மகன் அந்த வகுத்தலைத் தம் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

“வண்டிக்கு வயசாயிட்டு பாய். ஆனா செத்துப் போகல. கடைசி சைஸ் ஒண்ணு இருக்கு. அத அடிச்சா ஓடும். அதுக்கு மேல எங்கிட்ட வராதீய” என்றார் அண்ணாச்சி.

பிஸ்டன் கிடைக்க ஒன்பது நாளாயிற்று. தென்காசியில் இல்லை, திருநெல்வேலியிலும் இல்லை, மதுரையில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் அந்த அளவில் ஒன்று இருந்தது. சிலிண்டரைக் கடைந்து வந்ததும் உடனே பூட்டிவிடவில்லை. கடைந்த துவாரங்களின் விளிம்பு கத்திபோல் கூராயிருக்கும். ரிங்கின் முனை அதில் மாட்டினால் முதல் நாளே உடையும். எனவே ஒவ்வொரு விளிம்பையும் நுண்ணரத்தால் மழுக்கினார். ரிங் தன் பள்ளத்தில் சுழன்று துவாரத்தில் போய் விழாதபடி பள்ளத்தில் சிறு முளை ஒன்று உண்டு. வெட்டு முனைகளை அதற்கு நேராக அமைத்தார். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறியைப் புகைத் துவாரத்தின் பக்கம் திருப்பினார். பின்னைத் தாங்கும் கம்பி லாக்குகளைப் பழையதிலிருந்து எடுக்காமல் புதிதாகவே போட்டார். ஐந்து ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்து ஐயாயிரம் ரூபாய்ச் செலவை இழுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி அப்போது அவர் சொன்னதை நாம் நம்மைப் பற்றியதாகவே எடுத்துக்கொண்டோம். கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்களையும் மாற்றினார். கீழறையே பம்பாக உழைக்கும் எஞ்சினில், சீல் வழியே காற்றுக் கசிந்தால் புதுப் பிஸ்டனும் பயன்தராது; கலவை மெலிந்து, சூடேறி, 1989-இல் நடந்ததே மீண்டும் நடக்கும்.

கடையில் அவரிடம் வேலை கற்கும் பையன் ஒருவன் இருந்தான். அவன் நம் எஞ்சினை ஆவலோடு எட்டிப் பார்த்தான். இதுபோன்றதைத் திறந்து பார்ப்பது அவனுக்கு அதுவே இரண்டாம் முறையாம். அதில் வியப்பில்லை. கலவையில் கணிசமான பங்கு எரியாமலேயே புகைத் துவாரம் வழியாக வெளியேறிவிடுவது இந்த எஞ்சினின் பிறவிக் குறை. எண்ணெயும் எரிவதால் நீலப்புகை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்தது. 2015-இல் டி.வி.எஸ். மொபெட்டே நான்கு வீச்சு எஞ்சினுக்கு மாறி எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் வெளிவந்தது. 2017 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் நிலை நான்கு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, புதிய இரண்டு வீச்சு மொபெட்டுகளின் காலம் முடிந்தது. அந்த விதிகளை நாம் குறைகூறவில்லை. பேருந்து நிலையத்தில் நம் புகையைச் சுவாசித்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! மகன் புது வண்டி வாங்கித் தருவதையும் நாம் மறுக்கவில்லை. அன்றாடக் கடை வேலைக்கு இனி அதுவே. பழையது சாரல் காலத்தில் மட்டும்.

வண்டி பூட்டி முடிந்த அன்று மாலை மிதித்தோம். மிதிகட்டை காலைத் தடுத்தது. மூன்றாம் மிதியில் பற்றிக்கொண்டது. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை பளு ஏற்றக்கூடாது, முறுக்கிப் பிடிக்கக்கூடாது, இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. எனவே கைலிக் கட்டு இல்லாமல், மகன் பின்னால் அமராமல் வேறு வண்டியில் தொடர்ந்துவர, தனியாகவே குற்றாலம் சென்றோம். அன்று நாம் நின்றுபோன இடத்தில் வண்டி நிற்கவில்லை. மெதுவாகத்தான் ஏறிற்று. துணைவியார் வஃபாத்தாகி ஆறாண்டுகள் ஆகின்றன. சைக்கிளைவிட மெதுவாகப் போவதாக அவர் சொன்ன அந்த முதல் நாளின் வேகம் ஏறத்தாழ அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வீடு திரும்பியதும் மகன் நான்காவது சீட்டை வாங்கி, அதன் பின்புறத்தில் பென்சிலால் தேதியை எழுதி, மற்ற மூன்றோடு பதிவுப் புத்தக உறைக்குள் வைத்தார். பிறகு, 2டி ஆயில் அளக்கும் மூடி எங்கே என்று கேட்டார்.